பூட்டிய கதவும் ஒளித்த ரொட்டியும்

வாசல் கதவுக்கு அப்பா இரண்டாவது பூட்டுப் போட்ட நாளிலிருந்து திர்சாவுக்குச் சரியான தூக்கமில்லை.

தெருமுனையில், அவர்களைப் போன்ற யூதர்கள் கூடும் ஜெப ஆலயத்தின் ஜன்னலை யாரோ கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. மறுநாளே அப்பா பூட்டு வாங்கி வந்தார். பிறகு ஒரு சங்கிலி. அதற்கும் பிறகு, வெளியே நிற்பவரின் முகத்தைப் போனில் காட்டும் கேமரா வைத்த அழைப்பு மணி.

“மணி அடிச்சா, முகத்தைப் பார்த்துட்டு நான் திறப்பேன். மணி அடிக்காம யாராவது கதவைத் தட்டினா, நீங்க பக்கத்துலகூடப் போகக்கூடாது” என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார்.

பஸ்கா பண்டிகையும் வந்துவிட்டது. கனடாவின் வின்னிபெக்கில் ஏப்ரல் பிறந்தும் பனி கரையவில்லை. அம்மா மேஜையில் வெள்ளைத் துணி விரித்து ஐந்து தட்டுகளை வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டாள். நர்ஸ் படிப்புக்காக வெளியூரிலிருந்து வந்திருக்கும் ஷிஃப்ராவை அவள் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை இருப்பதால் வருவது சந்தேகம் என்று ஷிஃப்ரா சொல்லிவிட்டாள்.

பொழுது சாய்வதற்கு முன்பே விளக்குகளைப் போட்டு, மேஜையில் மெழுகுவர்த்திகளையும் ஏற்றியாயிற்று. போன்கள் சமையலறை இழுப்பறைக்குள் போய்விட்டன. இருட்டான நடையைப் பார்த்துப் பயந்து தம்பி கிதோன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். அம்மா பிடித்து நிறுத்தினாள்.

“பண்டிகை ராத்திரிடா. மின்சாரத்தைத் தொடக்கூடாது, மறந்துட்டியா?”

எல்லாரும் உட்கார்ந்தார்கள். திரைகள் இறுக்கமாக மூடியிருந்தன. அப்பா புளிப்பில்லாத ரொட்டியை உயர்த்திப் பிடித்து, பசியோடிருப்பவர்கள் யாராக இருந்தாலும் வந்து சாப்பிடலாம் என்று வழக்கம்போல அழைப்பு விடுத்தார்.

கிதோன் கதவைத் திரும்பிப் பார்த்தான். பஸ்கா இரவில் கேள்வி கேட்பது வீட்டின் கடைசிப் பிள்ளையின் வேலை. ஆறு வயது கிதோன் அந்த வேலையை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே செய்வான்.

“அப்பா, எல்லாரையும் வாங்கன்னு கூப்பிட்டீங்க. ரெண்டு பூட்டு போட்டிருக்கே, எப்படி வருவாங்க?”

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. எகிப்தில் முன்னோர்கள் அடிமைகளாக இருந்ததையும், அங்கிருந்து விடுதலையாகி வந்ததையும் சொல்ல ஆரம்பித்தார். கிதோன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் அடுத்த கேள்வி வந்தது.

“இப்ப நாம அடிமை இல்லையா?”

“இல்லடா. நாம சுதந்திரமா இருக்கோம். நம்ம பண்டிகையை நாம கொண்டாடலாம். நம்ம பாட்டை நாம பாடலாம்.”

“மெதுவாத்தானே?” என்றான் கிதோன்.

இந்த வருஷம் பாட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று மாலையில்தான் அப்பா சொல்லியிருந்தார். அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

பிறகு இன்னொன்றையும் சொன்னார். வருஷாவருஷம் விருந்து முடிந்ததும் தீர்க்கதரிசி எலியாவுக்கு ஒரு கிண்ணத்தில் திராட்சரசம் ஊற்றி வைத்து, அவர் உள்ளே வருவதற்காக வாசல் கதவைத் திறப்பார்கள். திறப்பது திர்சாவின் வேலை. இந்த வருஷம் திறக்க வேண்டாம் என்றார் அப்பா.

“எலியா பெரிய ஆளு. மூடின கதவு வழியாவும் வருவார்.”

திர்சாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததுதான் வெட்கமாகவும் இருந்தது.

சூப்பும் கோழியும் முடிந்தன. மிச்சம் ஒன்றுதான். வழக்கப்படி அப்பா விருந்துக்கு முன் ஒளித்து வைத்திருந்த ரொட்டித் துண்டை எல்லாரும் பகிர்ந்து தின்ன வேண்டும். அது இல்லாமல் விருந்து முடியாது. கண்டுபிடித்த பிள்ளை கேட்பதைக் கொடுத்துத்தான் அப்பா அதை மீட்க வேண்டும். பியானோவுக்குப் பின்னாலிருந்து திர்சா எப்போதோ அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பனிச்சறுக்குக் காலணி கேட்கப் போகிறாள். அவள் பழைய ஜோடி பெருவிரலை நசுக்கியது.

“சரி, ரொட்டி யார்கிட்ட இருக்கு?” என்று அப்பா கேட்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

டொக். டொக். டொக்.

யாரும் அசையவில்லை. அப்பாவின் கை பழக்கத்தில் சட்டைப் பையைத் தொட்டது. பை காலி. கேமரா இருந்து என்ன பயன், போன் இழுப்பறைக்குள் கிடந்தது.

மறுபடியும் தட்டும் சத்தம். முன்னைவிட மெதுவாக.

“மணி அடிக்கல” என்று கிதோன் கிசுகிசுத்தான். அம்மா அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். வெளியே காலணியின் கீழ் பனி நொறுங்கியது. காலடிகள் படியிறங்கின.

கிதோன் சொன்னதே திர்சாவின் காதில் நின்றது. மணி அடிக்கல. ஏன் அடிக்கவில்லை? கதவுப் பக்கத்திலேயே பளிச்சென்று இருக்கிறதே. சாயங்காலம் சுவிட்சை நோக்கிப் போன கிதோனின் கை ஞாபகம் வந்தது.

“அப்பா, அந்த மணி மின்சாரத்துல ஓடுது.”

“சும்மா இரு திர்சா.”

“இன்னைக்கு யார் மணியைத் தொடமாட்டாங்க? நம்ம ஆளுங்கதான். நீங்களே தொடமாட்டீங்க.”

அப்பா அவளையே பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“கல்லெறிஞ்சவனா இருந்தா?”

“அவன் கதவைத் தட்டிட்டா எறிஞ்சான்?”

காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. திர்சா மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

“ரொட்டி என்கிட்டதான் இருக்கு. காலணி வேண்டாம். கதவைத் திறக்கணும்.”

“ஆசேர்” என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள்.

அப்பா எழுந்தார். முதல் பூட்டு, இரண்டாவது பூட்டு, சங்கிலி. கடைசியில் கைப்பிடியைத் திர்சாவிடம் விட்டுவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றார். கைப்பிடி ஐஸ்போல இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

வாசலில் யாரும் இல்லை. படியிலிருந்து வெளிக்கதவு வரை பனியில் காலடித் தடங்கள் மட்டும் போயின. தெரு விளக்குக்கு அப்பால், தலையை மூடிய கறுப்பு உருவம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? விருந்தின் ஆரம்பத்தில் அப்பா சொன்னதுதான் திர்சாவுக்கு ஞாபகம் வந்தது.

“சாப்பிட வாங்க” என்றாள். காற்றுத்தான் வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் கூப்பிட்டாள்.

உருவம் நின்றது. திரும்பியது. தலையை மூடியிருந்த துணியை விலக்கியது.

“ஷிஃப்ராவா?” என்றபடி அம்மா செருப்புக்கூட இல்லாமல் பனியில் இறங்கிவிட்டாள்.

ஷிஃப்ராவின் மூக்கு சிவந்திருந்தது. கடைசி நேரத்தில் வேறு நர்ஸ் வந்து அவளை அனுப்பிவிட்டாளாம். பண்டிகை இரவில் பஸ் ஏறக்கூடாது என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“உள்ள பேச்சுக் குரல் கேட்டுச்சு. தட்டினதும் கப்சிப். எனக்கு ஒரே பயம். தப்பான வீட்டைத் தட்டிட்டேனோ, என்ன நடக்குமோன்னு ஓடப் பார்த்தேன்” என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவளுடைய கோட்டைத் தானே வாங்கி மாட்டினார்.

கிதோன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “எலியாவுக்குத் தாடி இருக்கும்னு சொன்னீங்களே, அப்பா?”

ஷிஃப்ரா சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். பிறகு ரொட்டித் துண்டை ஐந்தாக உடைத்தார்கள். கதவைத் திறக்க ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் மெல்லக் கேட்டபோது கிதோன் முந்திக்கொண்டான்.

“அக்கா பேரம் பேசிட்டிருந்தா.”

எலியாவின் கிண்ணம் நிரம்பியதும் கதவை மறுபடியும் திறந்தாள் திர்சா. இந்தமுறை கண்ணை மூடவில்லை. குளிர் உள்ளே வந்தது, மெழுகுவர்த்திகள் ஆடின, அணையவில்லை.

பாட்டு நேரம் வந்தது. கிதோன் அப்பாவின் சட்டையை இழுத்தான்.

“மெதுவாவா அப்பா?”

அப்பா கதவைப் பார்த்தார். திர்சாவைப் பார்த்தார்.

“தெருக்கோடி வரைக்கும் கேக்கட்டும், பாடுடா” என்றார்.