வாளாவிருந்த நேரம்

2019 மே 28, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. பாலையிலிருந்து வீசிய ஷெஹிலி காற்றில் கான்ஸ்டன்டைன் நகரின் வானம் செம்மண் நிறமாகியிருந்தது. நோன்பு மாதமாதலால் மருத்துவமனையின் ஆவணப் பிரிவினர் மூன்று மணிக்கே வீடு திரும்பிவிட்டனர். நிலவறையில் எஞ்சியவர்கள் காப்பாளர் ரஃபீக்காவும், தலைநகரிலிருந்து வந்திருந்த பொறியாளன் நசீமும்.

பழைய கணினியை நிறுத்துவதா, வைத்துக்கொள்வதா என்ற முடிவில் அவள் ஒப்பமிட வேண்டும். நிறுத்தினால், அதைக் காக்கும் அவள் வேலையும் முடிந்துவிடும்; நாளையே அன்னாபாவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடலாம். இல்லையேல், ஓய்வுபெறும்வரை இந்த அறையில் தனியே.

"இந்தக் கிழத்துக்குக் கட்டளைய எழுத்தெழுத்தா ஊட்டணும், லல்லா. எங்க திரைல படத்தத் தொட்டாப் போதும்" என்றான் நசீம். மூத்த பெண்களை மதித்து அழைக்கும் 'லல்லா' அவன் வாயில் கேலியாகவே ஒலித்தது.

"கேக்கத் தெரியாதவனுக்குத்தான் படம் காட்டணும்."

"வறண்ட தொண்டையோட இருக்கறவன இப்படி அடிக்கலாமா?" என்று சிரித்தபடி நசீம் நடைவழிக்குப் போனான்.

ஒப்பமிடுமுன், கணினியில் எவரும் இல்லையெனச் சரிபார்க்க வேண்டுமென்பது விதி. கறுப்புத் திரையில் பச்சைக் கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளிருப்போர் யார், கடைசியாக விசையைத் தட்டியபின் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள் எனக் கேட்கும் கட்டளையைத் தட்டினாள்.

இரண்டு பெயர்கள் வந்தன.

ரஃபீக்கா. வாளாவிருந்த நேரம்: சுழியம்.

தாஹிர். வாளாவிருந்த நேரம்: 740 நாள்.

தாஹிர் அடுத்த அறையில் பணியாற்றியவர். பதினெட்டு ஆண்டுகள் இருவரும் இத்திரை வழியாகவே பேசிக்கொண்டார்கள். ஒரு வியாழன் மாலை இருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது; வெள்ளி, சனி விடுமுறை கழிந்து ஞாயிறன்றுதான் கண்டார்கள். அந்த வியாழனன்று ரஃபீக்கா அவரிடம் சொல்லாமலே முன்னதாக வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர் பெயரை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். மறுபடியும் பட்டியலைக் கேட்டாள்.

தாஹிர். வாளாவிருந்த நேரம்: சுழியம்.

ரஃபீக்கா. வாளாவிருந்த நேரம்: நான்கு நிமிடம்.

அவள் விரல் இன்னும் விசையின்மேல்தான் இருந்தது.

அடுத்த அறையிலிருந்து காப்பி மணம் வந்தது. முதலில் மெலிதாக, பிறகு, இப்போதுதான் வடித்ததுபோல.

"லல்லா!" நடைவழியிலிருந்து நசீமின் குரல். "நோன்பு வச்ச மனுசனப் பக்கத்துல வச்சுக்கிட்டு காப்பி போடுறீங்களே, நியாயமா?"

திரையில் ஓர் எழுத்து விழுந்தது.

இன்னொன்று.

*போயிட்டியா?*

அவள் 'இல்லை' என்று தட்டினாள். அந்தச் சொல் திரையில் ஏறவேயில்லை. அதற்குக் கீழே, சிறிது தாமதித்து, அதே கேள்வி.

*ரஃபீக்கா, போயிட்டியா?*

கேட்பவருக்குத் தன் விடை எட்டாது என்பது அவளுக்கு விளங்கியது. இரண்டாண்டுகளாக அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். தானாகவே பட்டியல் மீண்டும் விரிந்தது. அதில் ஒரு பெயர் மட்டுமே இருந்தது.

தாஹிர்.

அவள் படிவத்தை இழுத்து, 'நிறுத்த வேண்டாம். பயனர் ஒருவர் உள்ளார்' எனத் திருத்தமான கையெழுத்தில் எழுதி, தேதியிட்டு, ஒப்பமிட்டாள்.

நசீம் கதவருகே வந்து எட்டிப் படித்தான்.

"என்ன லல்லா, தங்கச்சி வீட்டுக்குப் போகலியா? ஒருத்தர்னு எழுதியிருக்கீங்க... நீங்கதானே?"

ஆளில்லாத அடுத்த அறையில் விசைகள் நிதானமாகத் தட்டப்படும் ஓசை எழுந்தது.

"நானில்ல" என்று சொல்லி, தாளை அவன் கையில் கொடுத்தாள்.