ஆணியில் மாட்டிய சென்சார்

சுவரில் இருந்த சென்சார் முப்பத்தேழு டிகிரி காட்டியது. அதற்கு நேர் கீழே, தன் மேசையில், புஷ்பலதா ஸ்வெட்டருக்கு மேல் ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

இந்த வேலை வந்தபோது பிரேம்நாத்துக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருட ஏசி வேலையில், யாங்கோனில் சூடு வேண்டும் என்று கேட்ட ஆளை அவன் கண்டதில்லை. ஆனால் கியாக்டடா பகுதியின் இந்தப் பழைய கட்டடத்தில் கப்பல் சரக்கு அலுவலகம் நடத்துகிறவர், எல்லோரும் சயா என்று அழைக்கும் முதலாளி, மழை நாட்களில் தன் வெளிநாட்டு விருந்தாளிகள் நடுங்குகிறார்கள், இயந்திரமே பார்த்துக் குளிரையும் சூட்டையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே அமைத்துக் கொடுத்தான். அறை இருபத்தாறைத் தாண்டினால் குளிர்காற்று, இருபதுக்குக் கீழே இறங்கினால் சூட்டுக்காற்று, நடுவில் இருந்தால் சும்மா கிடக்கும். இந்த வேலையை அவனுக்கு வாங்கித் தந்ததே அங்கே கணக்கு எழுதும் தங்கை புஷ்பலதாதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கென்று இருப்பவளும் அவள் ஒருத்திதான். நாளைக் காலையில் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் இது சரியாகாவிட்டால் அவள் வேலை போய்விடும்.

இயந்திரம் வைத்த அன்று, சென்சாருக்கு வெயில் படாத, காற்று நேரே அடிக்காத உள்சுவர் தேவைப்பட்டது. அப்படி ஒரே இடம்தான் இருந்தது. அங்கே ஏற்கனவே ஓர் ஆணி, ஆணியில் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய். பர்மாக்காரர்கள் வீட்டுக்கு வீடு கட்டுவதுதான். தீயில் வெந்து இறந்து வீட்டுக்குக் காவலாக நிற்கும் நாட் சாமிக்கு, உடம்பு எரிச்சல் அடங்க இளநீரின் குளிர்ச்சி. தாகேதாவில் அவனும் தங்கையும் இருக்கும் வீட்டிலேயே முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கியது. எல்லாம் தெரிந்தும் பிரேம்நாத் அதை இறக்கினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு அலமாரி மேல் வைத்துவிட்டு, அந்த ஆணியிலேயே சென்சாரை மாட்டினான். புது ஆணி அடித்தால் காரை பெயரும், அதைப் பூச வேண்டும் என்ற சோம்பல்தான் காரணம்.

இன்று அலுவலகம் முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். மழை இருட்டு சீக்கிரமே ஜன்னலை மூடியது. அவன் சென்சாரைக் கழற்றிப் புதியதை மாட்டினான். புதியது நாற்பத்தொன்று காட்டியது. கையிலிருந்த தெர்மாமீட்டரை மேசை மேல் நீட்டினால் பதினேழு. சுவரைத் தொட்டால் சில்லென்று ஈரம். ஆனால் சென்சாருக்கு முன்னால் உள்ளங்கையைக் கொண்டுபோனபோது, கடுங்காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றிக்கு அருகே கை வைத்தது போல ஓர் அனல் ஏறியது. தலைக்கு மேலே இயந்திரம் இரைந்து இரைந்து குளிரைக் கொட்டியது. அவனுக்குப் பயம் வந்தது.

"தேங்காயத் திரும்பக் கட்டிருண்ணே. எனக்கு இங்க இருக்கப் புடிக்கல."

அவன் நாற்காலியில் ஏறி எடுத்தான். காய் கனமே இல்லை. கண்ணிலிருந்து அடிவரை விரிசல் ஓடி, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கருத்திருந்தது. அதை அவளிடம் காட்டவில்லை. காலையில் புதுசு வாங்கலாம் என்று மட்டும் சொன்னான்.

சென்சாரை ஏமாற்ற ஏசிக்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. துணியில் ஐஸ் சுற்றி அதன் மேல் பிடித்தால், அறை குளிர்ந்துவிட்டது என்று நம்பி இயந்திரம் சூட்டுக்கு மாறும். மாற்றம் வேலை செய்கிறதா என்று தெரியும், தங்கைக்கும் குளிர் விடும். புஷ்பலதா ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்தாள். அவன் துணியை வைத்து அழுத்தினான்.

முப்பத்தெட்டு. முப்பத்திரண்டு.

சுவரிலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீண்ட மூச்சு. சுட்ட இடத்தில் தண்ணீர் பட்டவர் விடும் மூச்சு. துணிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று அவன் உள்ளங்கைக்குள் மெல்லச் சாய்ந்தது. கன்னத்தின் வளைவு அது. அவனுக்குப் பயத்தைவிடப் பாவமாக இருந்தது. இன்னும் அழுத்தினான்.

இருபத்தாறு. இருபத்து மூன்று.

இருபதுக்குக் கீழே போனால் சூடு என்று தான் வைத்த கணக்கு அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கையை இழுத்தான். வரவில்லை. கன்னம் விடவில்லை.

பத்தொன்பது.

மேலே வால்வு 'டக்' என்று மாறியது. குளிர்காற்று நின்றது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு சூட்டுக்காற்று இறங்கியது. என்றைக்கும் நேரே அடிக்காத அந்தச் சுவர் வரை.

அது அலறவில்லை. மூச்சை உள்ளே இழுத்தது. கை விடுபட்டது.

அவன் ஓடினான். மெயின் சுவிட்சை இழுத்தான். விளக்கும் போயிற்று, இயந்திரமும் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பாட்டரியில் ஓடும் சென்சார் இருட்டில் பச்சையாக மினுங்கியது. இருபத்து நான்கு. ஒழுங்கான, நல்ல இருபத்து நான்கு.

"போயிருச்சு லதா," என்றான்.

செல்போன் வெளிச்சத்தைத் திருப்பினான்.

சுவரோடு சுவராக நின்றாள். ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள். ஐஸ் துணியை முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தாள். துணி காய்ந்திருந்தது. தீ எங்கும் இல்லை. ஆனாலும் அவள் கூந்தலின் நுனிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு கருகின.

"எரியுதுண்ணே."

குரல் அவளுடையதுதான்.

"கைய வையிண்ணே. நீ வச்சா நல்லாருக்கும்."

வைத்தான். அவள் கண்ணை மூடி, நீண்ட மூச்சு விட்டு, அவன் உள்ளங்கைக்குள் கன்னத்தைச் சாய்த்தாள். தோல் பொசுங்கும் வாடை எழுந்தது. அவனுடைய தோல். கையை எடுத்தால் அவள் அழுவாள். பிரேம்நாத் கையை எடுக்கவில்லை.