சாகாதவனின் செத்தவீடு

காலை ஏழு மணிக்கு முதலாவது துக்க விசாரிப்பு தொலைபேசியில் வந்தது. செத்தவன் அந்த நேரம் குளியலறையில் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"மலரக்கா, லா சப்பலிலை இப்பதான் பாத்தன். கடைக் கண்ணாடியிலை சுரேன் அண்ணையின்ரை படம்... எப்பிடி நடந்தது?"

அற்புதமலர் திரும்பிப் பார்த்தாள். குளியலறையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்தாள். எட்டு மணிக்குள் இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். ஒருவர் பூசை எந்தக் கோயிலில் என்று கேட்டார். கணவர் பத்திநாதருக்கு அழைத்தாள், அவர் எடுக்கவில்லை.

பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் சாவு முதலில் கடைக் கண்ணாடியில்தான் தெரியவரும். கறுப்புக் கரை, நடுவில் படம், கீழே பிறந்த ஊர். அப்படியான அறிவித்தல்களை அச்சடிக்கும் கடையில்தான் பத்திநாதருக்கு வேலை. போகிறவர்கள் முகத்தையும் ஊரையும் பார்ப்பார்கள், மீதியை யாரும் வாசிப்பதில்லை. யாரோ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி, மீதியையும் மலர் வாசித்தாள். உறவுகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது.

'சிறுபிள்ளைக்குச் செய்த குற்றத்துக்காகச் சிறை இருந்தவர். இவரிடம் பிள்ளைகளை விடவேண்டாம்.'

அது பொய்யில்லை. சுரேன் பத்திநாதரின் தம்பி. எட்டு வருடத்துக்கு முன் பாரிஸ் புறநகரான செவ்ரானில் பிடிபட்டான். குடும்பம் அவன் சுவிஸில் என்று ஊருக்குச் சொன்னது. மூன்று மாதத்துக்கு முன் சிறையிலிருந்து வந்தான். அவனுடைய பெயரும் விலாசமும் பொலிசின் பதிவேட்டில் உண்டு, ஆனால் அதை அயலவர் பார்க்க முடியாது. அவனை எங்கே விடுவது என்ற பேச்சு வந்தபோது அவர்களுடைய மூத்த சகோதரி இம்மாகுலேற் சட்டென்று சொன்னாள்: "மலர் வீட்டிலை விடுவம். பிள்ளையில்லாத வீடு, பயமில்லை." மலர் வாய் திறக்காமல் உள் அறையை ஒழித்துக் கொடுத்தாள். அவனுக்குச் சமைத்தாள், அவன் உடுப்பைத் தோய்த்தாள்.

போன ஞாயிறுதான் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி பியட்றிஸ் வந்து சந்தோஷமாகச் சொன்னாள், புதன்கிழமை பின்நேரங்களில் தான் ஒபர்வில்லியேயில் வேலைக்குப் போகும்போது சுரேன் அண்ணை மகள் கஜானிக்குக் கீபோர்ட் பழக்குவாராம், பிள்ளையையும் பார்த்துக்கொள்வாராம்.  பியட்றிஸிடம் சொல்லப்போகிறேன் என்று மலர் கணவரிடம் பிடிவாதமாக நின்றாள். அவர் வேதப்புத்தகத்தைக் கொண்டுவந்து, சொல்லமாட்டேன் என்று அவள் கையை வைக்கச் சொன்னார். வைத்தாள். இன்றைக்குப் புதன்கிழமை.

ஒன்பதரைக்கு இம்மாகுலேற் எபினேயிலிருந்து வந்து சேர்ந்தாள். கிழித்தெடுத்த அறிவித்தலை மேசையில் எறிந்தாள்.

"இன்னும் எத்தினை கடையிலை ஒட்டினனி?"

"நான் ஒட்டேல்லை மச்சாள்."

"படம் உன்ரை ஃபோனிலை எடுத்தது. கடைத் திறப்பும் உன்னட்டை ஒண்டு இருக்கு. பொலிசுக்குப் போனா ஒட்டின ஆளைத்தான் பிடிப்பாங்கள், தெரியுமோ? செய்ததுக்கு அவன் உள்ளை இருந்திட்டு வந்திட்டான். ஊருக்கெல்லாம் சொன்னா எங்கை போய்ச் சீவிக்கிறது? என்ரை மகளுக்குப் பேசின சம்பந்தம் நிக்குமோ? பெறாதவளுக்கு இதெல்லாம் எங்கை விளங்கப்போகுது..."

மலரின் கண் நிறைந்தது. அவமானத்தை விட, மச்சாள் சொன்னதில் பாதி சரியென்று தனக்கும் படுவதுதான் அவளை வதைத்தது. இப்படி முகத்தை ஒட்டினால், செவ்ரானில் பாதிக்கப்பட்ட பிள்ளை யாரென்று தோண்டவும் நாலு பேர் கிளம்புவார்கள். ஒட்டாவிட்டால், இரண்டு மணிக்குக் கஜானி வருவாள்.

உள் அறைக் கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது. சுரேன் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தான். இசை இல்லை, கட்டைகள் விழும் டக் டக் மட்டும். தன் சாவுக்கு வந்த அழைப்புகளைக் காலை முழுக்க அவன் அங்கிருந்தே கேட்டிருக்கிறான்.

பன்னிரண்டு மணிக்குப் பத்திநாதர் வந்தார். கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"கேள் உன்ரை பெண்சாதியை," என்றாள் இம்மாகுலேற். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசல் மணி அடித்தது. பள்ளிக்கூடத்தால் வந்த கஜானியை ஒரு கையிலும், சோற்றுச் சட்டியை மறுகையிலும் பிடித்தபடி பியட்றிஸ் நின்றாள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்று சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சட்டியை வைத்துவிட்டு மலரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"நேற்றும் படியிலை கண்டு கதைச்சவர் அக்கா..."

டக் டக் சத்தம் நின்றது. கதவு திறந்தது. தலை சீவி, வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சுரேன் வெளியே வந்தான்.

"நான் சாகேல்லை பியட்றிஸ். ஆரோ விளையாட்டு விட்டிருக்கினம்."

பியட்றிஸ் சிலுவை போட்டாள். பிறகு அழுத கண்ணோடு சிரித்தாள். "மாதாவே... அப்ப இவளை ரெண்டு மணிக்கு விட்டிட்டுப் போகட்டோ?"

"தாராளமா," என்றான் அவன், பிள்ளையைப் பார்த்து.

 இம்மாகுலேற் மலரையே முறைத்தாள்.  வேதப்புத்தகத்தில் வைத்த கையாலேயே மலர் மேசையிலிருந்த அறிவித்தலை எடுத்துப் பியட்றிஸிடம் நீட்டினாள்.

"விடாதை பியட்றிஸ். கீழை இருக்கிற ரெண்டு வரியையும் வாசி."

பியட்றிஸ் வாசித்தாள். மகளை இழுத்துத் தன் பின்னால் விட்டாள். "இது மெய்யோ?"

"பொறாமையிலை இவள் அச்சடிச்ச பொய்," என்றாள் இம்மாகுலேற்.

"இல்லை அக்கா." பத்திநாதர் எழும்பினார். "மெய். நான்தான் அச்சடிச்சனான். விடியப்புறம் நான்தான் ஒட்டினதும். மலரின்ரை வாயை மூடினதும் நான். அதைப் பெரிசா எழுதக் கை வரேல்லை, பொடி எழுத்திலை போட்டன்... இப்பவும் மலர் பேச்சு வாங்கேக்கை பேசாமல் இருந்தனான்."  இம்மாகுலேற் சுவரைப் பிடித்து மெல்ல அமர்ந்தாள்.

 சுரேன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்சத்தில் டக் டக் மறுபடி தொடங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை நான் வந்து சொல்லேக்கை உங்களுக்குத் தெரியுமோ அக்கா?" பியட்றிஸின் குரல் மிக மெதுவாக வந்தது.

"தெரியும்."

பியட்றிஸ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிப்போனாள். சட்டியை எடுக்கவில்லை.

பத்திநாதர் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ ஒரு குற்றமும் செய்யேல்லை மலர். என்னை மன்னி."

"நான் ஒட்டேல்லைத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையே நான் வாயைத் திறந்திருக்கவேணும். அந்தக் குற்றம் என்ரை." அவள் அவரை அணைத்துக்கொண்டாள். எட்டு வருடமாக அடக்கிய அழுகை அவர் கோட்டை நனைத்தது. பிறகு முகத்தைத் துடைத்தாள். "சுரேனைக் கண்காணிக்கிற அதிகாரிக்கு இப்பவே ஃபோன் பண்ணுங்கோ. பிள்ளையைத் தன்னட்டை விடக் கேட்டவர் எண்டு சொல்லுங்கோ. மச்சாள், அதுவரைக்கும் நீங்கள் இந்தக் கதவை விட்டு விலகக்கூடாது."

இம்மாகுலேற் தலையாட்டினாள்.

அதிகாரியிடம் சொல்லி முடிந்ததும் இருவரும் நாலாம் மாடிக்கு ஏறினார்கள். அங்கே இரண்டு சின்னப் பிள்ளைகளோடு சாரதாதேவி இருக்கிறாள். கதவைத் திறந்தவள் அவர்களைக் கண்டதும் முகத்தைத் தாழ்த்தினாள்.

"கண்ணாடியிலை பாத்தனான் அண்ணை. வரவேணுமெண்டு இருந்தனான்..."

 மலர் பத்திநாதரின் கையைப் பிடித்தாள்.

"என்ரை தம்பி உயிரோடைதான் இருக்கிறான், பிள்ளை," என்றார் அவர். "அதையும், படத்துக்குக் கீழை இருக்கிற ரெண்டு வரி மெய்யெண்டதையும் சொல்லத்தான் வந்தனாங்கள்."