புறா கொண்டுவந்த நாலு பதில்கள்

அந்தக் குளிர்காலத்தில் எதிரிப்படை பாரிஸைச் சுற்றி வளைத்திருந்தது. ரயில் இல்லை, தபால்வண்டி இல்லை. ஆனாலும் எங்கள் அஞ்சலகம் ஒருநாள்கூட மூடவில்லை. கடிதங்கள் பலூனில் ஏறி, எதிரிகளின் தலைக்கு மேலே பறந்தன. அந்தப் பலூனின் நிழல் விழுந்தால் தெருக் கோழிகள் இருட்டிவிட்டதென்று தூங்கப் போய்விடும். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

பதில்களை, அதே பலூனில் வெளியே போன எங்கள் ஊர்ப் புறாக்கள் திரும்பச் சுமந்து வர வேண்டும். அதனால் ஓர் அட்டையில் நாலு கேள்விகள்தான். பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'.

ஒன்பது வயது செலி எக்கி நின்று அட்டையை நீட்டினாள். பிரசவத்துக்கு நாந்த் நகருக்குப் போன அவள் அம்மா அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

"'எப்ப வருவ?'ன்னு கேட்டிருக்கியே. 'ஆம்'னு பதில் வந்தா என்ன பண்ணுவ?" என்றேன்.

செலி அதை அடித்துவிட்டு எழுதினாள்: நல்லா இருக்கியா? பாப்பா பிறந்தாச்சா? பொண்ணா? மூக்கு என்னை மாதிரியா?

பின்னால் நின்ற சலவைக்காரி மதாம் துர்னெலின் கையில் வெற்று அட்டை.

"நீங்க எழுதலையா மதாம்?" என்று செலி திரும்பிக் கேட்டாள்.

"யாருக்கும்மா எழுத? என் பையன் அஷிலும் நாந்த்ல பட்டாளத்துலதான் இருக்கான். உயிரோட இருக்கியான்னு அவனையே கேட்டா, 'இல்லை'ன்னு எழுத அவன் இருக்க மாட்டானே."

செலி தன் மூக்கைத் தடவிப் பார்த்தாள். பிறகு நாலாவது கேள்வியையும் அடித்தாள். 'மதாம் துர்னெலோட அஷில் உயிரோட இருக்காரா? பட்டாளத்துல விசாரி' என்று எழுதினாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு புறா வந்தது. அதன் வாலில் கட்டிய சிறு குழாயில் வெங்காயத்தோல் போல ஒரு படச்சுருள்; கடிதங்களைப் பொடிப்பொடியாகப் படம்பிடித்தது. விளக்குப்பெட்டியில் வைத்ததும் சுவர் முழுக்கக் கடிதங்கள் விரிந்தன. ஆயிரக்கணக்கில். பேனாவைப் பிடித்திருந்த நாங்கள் ஒவ்வொன்றாக நகலெடுக்கத் தொடங்கினோம். உள்ளங்கையளவு பறவை ஓர் ஊரையே தூக்கி வந்திருந்தது.

செலியின் பதிலை நகலெடுத்து, அவளையும் இழுத்துக்கொண்டு சலவைக்கடைக்கு ஓடினேன். குதிரைகூட என்னை முந்தியிருக்காது. குதிரைகளைத்தான் பசியில் நாங்கள் சாப்பிட்டுவிட்டோமே.

"ஆம். ஆம். இல்லை. ஆம்" என்று வாசித்தேன்.

மதாம் துர்னெல் விரல்விட்டு எண்ணினார். நாலாவது விரலில் கை நின்றது. அப்புறம் சோப்பு நுரையோடு செலியை அள்ளிக்கொண்டார்.

"தம்பியா?" நுரைக்குள்ளிருந்து செலியின் குரல் வந்தது. "சரி போகட்டும். மூக்குதான் தெரியல."

"சண்டை முடியட்டும். என் அஷிலே தூக்கிட்டு வந்து காட்டுவான் பாரு."

அப்படியே நடந்தது. முற்றுகை முடிந்து ரயில் வந்ததும் செலியின் அம்மா இறங்கினார். பின்னாலேயே அஷில், துணிமூட்டை போல ஒரு தம்பியுடன்.

செலி துணியை விலக்கிப் பார்த்தாள்.

அவள் மூக்கேதான். அதைச் சுமக்க ஒரு புறா போதாது, மூன்று வேண்டும்.