மெதுவு சாரின் கணினி

கட்டடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம், நான்காவது மாடியில் யாரோ 'பிறகு' என்று அழுத்தியிருந்தார்கள்.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனத்தின் எல்லாக் கணினிகளிலும் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றும் வேலை அது. தரைத்தளத்தில் சர்வர் அறைக்குள் உட்கார்ந்தபடியே மொத்தத்தையும் நடத்திவிடலாம். ஒவ்வொரு திரையிலும் 'இப்போதே', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள் தோன்றும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு யாரும் பதில் சொல்லாவிட்டால் கணினி தானாகவே வேலையை ஆரம்பித்துவிடும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். பட்டியலில் பச்சைக் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டிருந்தன. மஞ்சளாக நின்றது ஒன்றே ஒன்று. 'பயனர் ஒத்திவைத்தார்.'

பயனர் என்றால் ஓர் ஆள். நாற்காலியில் உட்கார்ந்து, சுட்டியை நகர்த்தி, அழுத்துகிற ஆள்.

வாசல் காவலாளியை உள் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத, எதற்கும் ஓடிவருகிற நல்ல மனிதர்.

"அண்ணே, மேல யாராவது வந்திருக்காங்களா?"

"யாரும் இல்ல மேடம். நோட்டுல உங்க கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. காலைலயே ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டேன். ஏன், எதையாச்சும் காணோமா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு, மஞ்சள் வரியின் இடப்பக்கம் இருந்த பெயரைப் படித்தாள். புகார்-17. பட்டியலின் அடிக்குப் போய் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தாள். காலையில் இருநூற்றுப் பதினான்கு. இப்போது இருநூற்றுப் பதினைந்து.

புகார்-17 என்று ஒரு கணினி இல்லை. ஏழு மாதத்துக்கு முன்பு அதைப் பிரித்து, அதன் வட்டைக் கழற்றி, துளைபோடும் இயந்திரத்தால் மூன்று இடத்தில் ஓட்டை போட்டு, பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டது அவளேதான்.

அந்தக் கணினிக்கு உரியவரை அலுவலகத்தில் எல்லோரும் 'மெதுவு சார்' என்பார்கள். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் நிறுவனம் அது. தண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களின் குறையை எழுதிக்கொள்கிற நாற்காலியில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவர். மெதுவாக இருந்தது அவர் இல்லை, அவருடைய கணினி. ஓர் எழுத்தை அடித்தால் அது திரையில் வர ஒரு கொட்டாவி விடும் நேரம் ஆகும். பெயர் என்னவோ மனிதர்மேல்தான் ஒட்டிக்கொண்டது. மாற்றிக் கொடுங்கள் என்று எட்டு முறை எழுதிக் கேட்டார். அப்படி எழுதிக் கேட்பதற்கு அங்கே டிக்கெட் என்று பெயர். எட்டையும் அவள் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடினாள். மூடாத டிக்கெட் ஒன்றுகூட இல்லாத பிரிவு என்று ஆண்டு விழாவில் மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். ஐந்து நாள் வேலையை அந்தக் கணினியில் ஐந்து நாளில் முடிக்க முடியாமல், மெதுவு சார் சனிக்கிழமைகளிலும் வந்தார். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை உயிர் போனவர், திங்கட்கிழமை காலை பெருக்க வந்த பெண் பார்க்கும்வரை அந்த மேசையிலேயே இருந்தார்.

கைபேசி அதிர்ந்தது. மேலாளர்.

"எவ்வளவு ஆச்சும்மா?"

"முடியப்போகுது சார். ஒண்ணு மட்டும் நிக்குது. யாரோ தள்ளிப் போட்டிருக்காங்க."

"ஞாயித்துக்கிழமை எவன் வந்து உக்காந்திருக்கான்? நாளைக்கு நான் நூத்துக்கு நூறுன்னு காட்டணும். எப்படியாவது க்ளோஸ் பண்ணி விடு. உனக்கா தெரியாது?"

உனக்கா தெரியாது. அதில் ஏளனம் இல்லை, பாராட்டுதான்.

கட்டாயமாக நிறுவும்படி கட்டளை கொடுத்தாள். மஞ்சள் கோடு கொஞ்சம் பச்சையாகி, திரும்பவும் மஞ்சளானது. 'பயனர் ஒத்திவைத்தார்.' இரண்டாவது தடவை தள்ளிப்போட்டால் காரணம் எழுத வேண்டும் என்பது அவள் வைத்த விதி. காரணத்துக்கான கட்டம் திறந்தது. அதில் எழுத்துகள் வரத் தொடங்கின. ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. தேடித் தேடி அடிப்பதுபோல.

'வேல செய்யல. வாங்க.'

குளிர்சாதனத்தின் இரைச்சல் திடீரென்று மிகப் பெரிதாகக் கேட்டது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இந்த வரியை அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். அவசரம் என்றால் பார்க்க வேண்டிய முறை அவளுடையது. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியில் டிக்கெட் வந்தது. வேல செய்யல. வாங்க. ஒன்பதாவது தடவையாகப் புலம்புகிறார் என்று நினைத்தாள். 'திங்கட்கிழமை பார்க்கிறோம்' என்று எழுதி மூடிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள். பத்து நிமிடத்தில் இன்னொன்று வந்தது. அதில் ஒரே ஒரு சொல்தான். 'கை'. ஏதோ தட்டச்சுப் பிழை என்று திறக்காமலே மூடினாள்.

வேலை செய்யாதது கணினி இல்லை என்பது திங்கட்கிழமைதான் அவளுக்குப் புரிந்தது. அன்றே இரண்டு டிக்கெட்டையும் பதிவிலிருந்து அழித்தாள். அவருடைய மனைவி ஒரு துணிப்பையோடு வந்து, தண்ணீர்ப் பாட்டிலையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, போகிறபோக்கில் கேட்டார்: "கடைசில யாரையாவது கூப்பிட்டாராம்மா?"

"இல்லம்மா" என்றாள் அவள். "அந்த நிமிஷமே போயிட்டாராம்."

"அப்படியா. பரவால்ல. கஷ்டப்படலேல்ல" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். பழைய பெயரை வேறொரு கணினிக்கு வைத்திருப்பான். நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்தூக்கியில் தனியாக நிற்க மனம் வராமல் படியேறினாள். ஒவ்வொரு தளத்தைத் தாண்டும்போதும் கண்ணாடிக் கதவுகளுக்கு அப்பால் வரிசை வரிசையாகத் திரைகள் ஆளில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தன. சன்னல்களில் மேகம் மூடிய மதியத்தின் சாம்பல் வெளிச்சம். தரைவிரிப்பில் இரண்டு நாள் அடைந்துகிடந்த தூசியின் வாடை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்த வாடையோடு வேறொன்று கலந்தது. தைலம். தோள்வலிக்கென்று மெதுவு சார் காலையும் மாலையும் தேய்த்துக்கொள்கிற, பக்கத்து நாற்காலிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டல் செய்த அதே தைலம்.

நான்காவது மாடிக் கதவில் கைவைத்தபோது சத்தம் கேட்டது.

டக்.

நீண்ட இடைவெளி.

டக்.

புகார் பிரிவின் இருபத்திரண்டு திரைகளிலும் சதவீத எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. நாற்காலிகள் எல்லாம் மேசைக்குள் தள்ளியே இருந்தன. பதினேழாம் இருக்கை இருந்த மூலையில் இப்போது நகலெடுக்கும் இயந்திரம் நிற்கிறது. மேசையை எடுத்த மறுநாளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. இயந்திரத்துக்குப் பின்னால், அதற்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பூனைகூட உட்கார முடியாத இடுக்கிலிருந்து.

பத்தடி நடந்தால் எட்டிப் பார்க்கலாம். அவள் நடக்கவில்லை.

டக்.

"சார்?" என்றாள். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

சத்தம் நின்றது. யாரோ தலையைத் தூக்கிக் கேட்பதுபோல நின்றது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. சர்வர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் பூட்டு தானாக விழுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டை இல்லாமல் வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. மூச்சு அடங்கும்வரை கதவிலேயே சாய்ந்து நின்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். காரணக் கட்டத்தின் கீழே பதிலுக்கான இடம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

'மன்னிச்சிடுங்க சார்' என்று அடித்தாள். அழித்தாள். அதை அனுப்பினால் பதிவில் நிற்கும் என்று, அந்த நிலையிலும், அவள் புத்தி கணக்குப் போட்டது. வேறு மாதிரி எழுதினாள்.

'வந்தேன் சார். உங்களைக் காணோம்.'

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'பரவால்ல. நானே வரேன்.'

அடுத்த நொடி புகார்-17 பட்டியலிலிருந்து மறைந்தது. இருநூற்றுப் பதினான்கு. எல்லாம் பச்சை, கடைசி ஒன்றைத் தவிர. அவள் நாற்காலியில் சரிந்து, வாய்விட்டுச் சிரித்தாள். அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம். கணவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அந்த அம்மாவின் முகவரியைக் கண்டுபிடித்து, ஒரு நாள்...

உள் தொலைபேசி அடித்தது.

"மேடம், யாரும் இல்லன்னு நான் தப்பாச் சொல்லிட்டேன் போல" என்றார் காவலாளி, வெட்கத்தோடு. "மேல ஒரு அய்யா இருந்திருக்காரு. படியில தட்டுத் தடுமாறி இறங்கிட்டு இருந்தாரு. ஒரு பக்கம் கை காலு இழுத்துக்கிச்சு பாவம். பேச்சும் சரியா வரல. கேட்டா, உங்க ரூம் பக்கம்தான் கையக் காட்டுறாரு."

"அண்ணே..."

"ஏசியிலயே கெடந்திருப்பாரு போல, உடம்பெல்லாம் ஜில்லுனு இருக்கு. நான் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்துடறேன்."

"வேண்டாம். அண்ணே, அவர விட்டுடுங்க. நீங்க வெளிய ஓடுங்க. அண்ணே!"

அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

நடைக்கூடத்தில் காலடிகள். ஒரு சோடி செருப்பு. அதனோடு இழுபடும் ஒன்று. செருப்பு. இழுப்பு. செருப்பு. இழுப்பு. "பாத்து அய்யா, பாத்து. இன்னும் நாலு எட்டுதான்." சொந்த அப்பாவைக் கூட்டிவருவதுபோல அத்தனை கனிவு.

கதவின் பனிக்கண்ணாடியில் இரண்டு உருவங்கள் விழுந்தன. ஒன்று நேராக. ஒன்று சாய்ந்து.

"மேடம், தொறங்க."

அவள் அசையவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தாள். பூட்டியிருக்கிறது. பூட்டியேதான் இருக்கும். அட்டை அவளிடம்தான்.

அப்போதுதான் பட்டியலின் கடைசி வரியைப் படித்தாள். கதவு-1. கட்டடத்தின் எல்லாப் பூட்டுகளையும் ஆளுகிற கணினி. வேலை முடிந்து அது அணைந்து எழும்போது பூட்டுகள் ஒரு நிமிடம் திறந்துகொள்ளும். அதனால் அவளே அதைக் கடைசியில் வைத்திருந்தாள். தொண்ணூற்றெட்டு சதவீதம். நடுவில் நிறுத்த வழியில்லை. தேடினாள். இல்லை. தொண்ணூற்றொன்பது.

பச்சை.

"தொறந்துடுச்சு" என்றார் காவலாளி மகிழ்ச்சியோடு.

அவர் மெதுவு சாரின் வலக்கையைத் தன் தோளில் போட்டுத் தாங்கிக்கொண்டு வந்தார். வாசலைத் தாண்டும்போது தலையில் இடிக்காமல் இருக்கக் கை வைத்துத் தடுத்தார். அறையிலிருந்த இன்னொரு நாற்காலியை அவளுக்கு எதிரே, முழங்காலோடு முழங்கால் தொடும் தூரத்தில் இழுத்துப்போட்டு உட்காரவைத்தார். தைல வாசனை. அதற்கடியில், இரண்டு நாள் யாரும் வராத அறையின் வாசனை.



"எவ்வளவு நேரமா கூப்பிட்டாரோ, யாரு காதுலயும் விழல போல" என்றார் காவலாளி, அவளைக் குறை சொல்லாத குரலில். "நீங்க என்னன்னு கேளுங்க மேடம். நான் கேட்டுல ஆளில்லாம விட்டுட்டு வந்துட்டேன்."

கதவு அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கதவு-1 எழுந்துவிட்டது. பூட்டு விழுந்தது. சிவப்பு.

தொங்கிக்கொண்டிருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. காவலாளி தாங்கி வந்த பக்கம் வெறும் தளர்ந்த சதைதான். அவர் காணாத மறுபக்கம் இப்போது திரையின் வெளிச்சத்துக்குத் திரும்பியது. நெற்றியிலிருந்து தாடைவரை, கன்னம் முழுக்க, விசைப்பலகையின் சின்னச் சின்னச் சதுரங்கள் வரிசை வரிசையாக, எலும்புவரை அழுந்திக் கிடந்தன. அந்தக் கன்னத்தோடு அவர் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். உதட்டின் ஒரு முனை மட்டும் மேலே ஏறியது.