டிரம்முக்குள் போகாத அழைப்பு

கெடார் கிராமத்தில் வெண்ணிலா வீட்டில் காலையிலிருந்தே அமர்க்களம். அம்மா பவுனுவின் போனைக் காணோம்!

“கடைசியா அதுல கேம் ஆடிக்கினு இருந்தது அரிபிரசாத்துதான். அவங்க அப்பாவையே கேட்டுட்டு வர்றேன்” என்று அம்மா கிளம்பினாள்.

பக்கத்து வீட்டு அரிபிரசாத், வெண்ணிலாவின் வகுப்புத் தோழன். வாசலில் நின்றிருந்த அவனுக்கு அழுகை முட்டியது.

“ஆடி முடிச்சுக் குடுத்துட்டேனே அத்தை! அப்பா காதுக்குப் போச்சுன்னா தோலை உரிச்சிடுவாரு.”

“எடுத்து ஆஃப் பண்ணி வச்சிருப்பான்” என்றான் அண்ணன் பூவரசன்.

வெண்ணிலா அண்ணன் போனைப் பிடுங்கி அம்மா எண்ணுக்கு அழைத்தாள்.

“ஆஃப்னு சொல்லலண்ணா. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்குதாம்.”

“ரெண்டும் ஒண்ணுதான் போ!”

“இல்ல. நம்ம அழைப்பு அதுகிட்ட போகல. எதுவோ மறைக்குது. அம்மா, கொஞ்சம் இரு! அரி, உங்க வீட்டு பட்டன் போனை ஜல்தியா எடுத்துக்கினு வா.”

அண்ணன் போனை மண்பானைக்குள் வைத்து மூடினாள். அரி அழைத்தான். உள்ளே பாட்டு ஒலித்தது. மரப்பெட்டிக்குள் வைத்தாள். அங்கேயும் பாட்டு.

“என் போன் என்ன ஊறுகாயா? போட்டுப் போட்டு மூடுற!” என்று பூவரசன் கத்தினான்.

அடுத்து, காலித் தகர டிரம்முக்குள் வைத்து மூடியை இறுக்கினாள். கொஞ்சம் பொறுத்து அரி அழைத்தான். சத்தமே இல்லை.

“தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுது!” என்று அரி துள்ளினான்.

“போன் அலை மண்ணையும் மரத்தையும் தாண்டிப் போவுது. தகரம்தான் வழிவிடல” என்றாள் வெண்ணிலா. “அம்மா, டிரம்முல மல்லாட்டை கொட்டினியே, அப்ப போன் எங்க இருந்துச்சு?”

“இடுப்புல செருகிக்கினு...” என்று தொடங்கிய அம்மா, பாதியில் நிறுத்தினாள்.

வேர்க்கடலையான அந்த மல்லாட்டை நிறைந்த தகர டிரம்கள் மூன்று இருந்தன. முதல் டிரம்மின் மூடியைத் திறந்து அழைத்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டாவதைத் திறந்து, சற்றுப் பொறுத்து அழைத்தார்கள். மல்லாட்டைக்கு அடியிலிருந்து நாதஸ்வரம் முழங்கியது!

அரி தோள்வரை கையை விட்டுப் போனை எடுத்தான்.

“தப்பா நினைச்சுட்டேன்டா கண்ணு” என்றாள் அம்மா.

“பரவாயில்ல அத்தை. இந்தாங்க, புடிங்க. வெண்ணிலா, குடுத்துட்டேன், நீதான் சாட்சி!”

சிரித்துவிட்ட அம்மா, ஒரு கையில் போனை வாங்கிக்கொண்டு, மறுகையால் அவனை அணைத்துக்கொண்டாள்.