நாலு மூலைப் படையல்

வீடு முழுக்க வேர்த்திருந்தது, மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு இடத்தைத் தவிர.

யிப் மான்-சி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏப்ரல் வந்துவிட்டால் ஹாங்காங் மலையுச்சியில் எல்லா வீடும் வேர்க்கும். கடலில் இருந்து ஏறி வரும் ஈரக்காற்று பனிமூட்டமாகக் கவிழ்ந்து, சுவரில் வழிந்து, கண்ணாடியில் கோடு போட்டு, அலமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்க வைக்கும். உலகத்திலேயே விலை அதிகமான வீடுகள் என்று பத்திரிகைகள் வருடா வருடம் பட்டியல் போடும்போது இந்தத் தெருவின் பெயர் வராமல் இருக்காது. ஆனால் இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் துவைத்த துணி காயாது. கோடீஸ்வரனுக்கும் பூஞ்சை பூஞ்சைதான் என்று மான்-சி வீடு பார்க்க வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். இருபது வருடமாக இப்படிப்பட்ட பங்களாக்களை விற்றுத் தருவதுதான் அவள் தொழில், அந்தச் சிரிப்பும் தொழிலில் ஒரு பகுதி.

இன்று மதியம் மூன்று மணிக்கு வந்தவள், வழக்கப்படி பூட்டைத் திறக்கும் முன் கதவைத் தட்டினாள். காலி வீட்டுக்குள் தட்டாமல் நுழையக் கூடாது. தட்டிவிட்டு ஓரமாக விலகி, உள்ளே இருப்பது எதுவானாலும் அது வெளியேற வழி விட வேண்டும். படித்த புரோக்கர்கள்கூட அதைச் செய்யாமல் இருக்க மாட்டார்கள். பிறகு உள்ளே போய் விளக்கைப் போட்டபோது கூடத்துத் தரை, கழுவி விட்டது போல, ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை ஈரமாக மினுங்கியது. படிக்குக் கீழே மட்டும் ஓர் ஆள் சுருண்டு படுத்த அளவுக்குக் காய்ந்திருந்தது. அங்கிருந்து வாசற்கதவு வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குக் காய்ந்த தடம் ஒன்று நீண்டிருந்தது.

அவள் மாப்பை நனைத்துக்கொண்டு வந்து அந்தத் தடத்தின் மேல் இழுத்தாள். ஈரம் பட்டது, நின்றது, பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் இருந்து உள்நோக்கி வற்றிப் போனது. இன்னொரு தரம் இழுத்தாள். மறுபடியும் வற்றியது. நாலு அறைகளில் வைத்திருந்த ஈரம் உறிஞ்சும் மெஷின்கள் ஓடும் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குத் திருமதி சுங் வருகிறாள். எழுபது வயது விதவை, கணவன் விட்டுப் போன கப்பல் கம்பெனியை இன்னும் தன் கையில் வைத்திருப்பவள். பஞ்சாங்கம் பார்த்து இந்த நாளைக் குறித்ததே அவள்தான். நாலு மூலைக்கும் படையல் வைத்து முடிந்த பிறகு உள்ளே வந்து, சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. காலையில் போன் செய்திருந்தாள்.

"எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு மான்-சி. போன்ல கேக்க மாட்டேன். நேர்ல உன் மூஞ்சியப் பாத்துக் கேப்பேன்."

என்ன கேள்வி என்று இந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. கெட்ட சாவு விழுந்த வீட்டை இங்கே எவனும் தொட மாட்டான். சொந்தக்காரன் பாதி விலைக்குக் கூவினாலும் பாங்க்காரன் முகம் கொடுக்க மாட்டான். வாங்குகிறவர் நேரடியாகக் கேட்டு, தரகர் பொய் சொன்னால், தரகரின் லைசென்ஸ் போகும். இதுவரைக்கும் மான்-சியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போலீஸ் காகிதத்தில் அந்தச் சாவு ரோட்டோரத்தில் நடந்ததாகத்தான் இருந்தது. ரோட்டோரத்தில் நடந்ததாக ஆக்கியது மான்-சி.

ஏழு வாரம் முன்பு. வீட்டுக்காரர்கள் கனடாவில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டது வாட்ச்மேன் க்வாயும் வார்சினியும். வார்சினி கிழக்கு ஜாவாவில் இருந்து வந்தவள், இருபத்தாறு வயது. வீட்டு வேலைக்கு இருப்பவளை இந்த ஊரில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் ஐம்பதைத் தொடும் மான்-சிக்கும் அவள் அக்காதான். மான்-சி வந்தால் கேட்காமலே இஞ்சி டீ வரும். மறுநாள் திருமதி சுங் முதல் தடவை வீடு பார்க்க வருவதாக இருந்தது. மான்-சி கூடத்தில் நின்று சரவிளக்கை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பக்கம் ரெண்டு கண்ணாடி மங்கலா இருக்கு பாரு அக்கா." வார்சினி மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று துணியை நீட்டினாள்.

மாடிப்படிக்குக் கீழே, அரிசி மூட்டையைத் தோளில் இருந்து இறக்கிப் போடுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

ஓடி வந்த க்வாய் போனை எடுத்தான். மான்-சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எப்படிப் போய்ப் பிடித்தது என்று அவள் எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறாள். யோசித்தால் தெரிவது ஒன்றுதான், யோசிக்காமல் பிடித்தது. "வீட்டுக்குள்ள வேண்டாம் அண்ணே" என்றாள். இருவருமாக வார்சினியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய், ரோடு வளையும் இடத்தில், மலைப்படிக்கட்டின் அடியில் கிடத்தினார்கள். அவளுக்கு மூச்சு இருந்தது. தூறல் போட்டது. மான்-சி குடை பிடித்தாள். மூச்சு நிற்கும்வரை பத்தொன்பது நிமிஷம் அவள் முகத்தில் மழை விழாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தாள், அதன் பிறகுதான் க்வாய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். குப்பை போடப் போனவள் படியில் வழுக்கிவிட்டாள் என்று இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சவப்பெட்டி ஜாவாவுக்கு, சுரபயாவுக்குப் போனபோது மான்-சி நல்ல கம்பளி ஒன்று வாங்கி உடன் அனுப்பினாள். கம்பளி யாருக்கு என்று விமான நிலையத்தில் கேட்டார்கள்.

கேட்டு மணி அடித்தது.

இன்டர்காம் திரையில் பனி தவிர ஒன்றும் இல்லை. மான்-சி பொத்தானை அழுத்தினாள். "அண்ணே, யாரு?"

கேட்டருகே இருக்கும் சின்ன அறையில் இருந்து க்வாயின் குரல் வந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவன் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. "யாரும் இல்ல மேடம். தினமும் இந்த நேரத்துக்கு அடிக்குது. நான் திறக்கறதில்ல."

"ஈரத்துல ஒயர் போயிருக்கும்."

"போயிருக்கும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வெளியில செத்தவ வெளியிலதான் நிப்பா மேடம். உள்ள இருந்து யாராச்சும் கூப்பிடணும், உசுரோட இருக்கற ஒருத்தர் கூட்டிட்டு வரணும். அப்பத்தான் வர முடியும்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. நீங்க இன்னிக்கு கேட்டத் திறந்து வைக்கச் சொல்றீங்க."

"படையலுக்கு எல்லாம் திறந்திருக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? திறங்க."

"திறக்கறேன். நீங்க யாரையும் கூப்பிடாதீங்க, அவ்வளவுதான்."

மான்-சி ஒவ்வோர் அறையாகப் போய் விளக்கைப் போட்டாள், கதவுகளையும் அலமாரிகளையும் இழுப்பறைகளையும் திறந்து வைத்தாள். பன்னிரண்டு குளியலறை. ஆள் இல்லாத வீட்டில் அத்தனை விளக்கும் எரிய, ஜன்னலுக்கு வெளியே கடலும் இல்லை, ஊரும் இல்லை, வெள்ளையாகப் பனி மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பழைய துணியும் ஊதுபத்தியும் கலந்த வாசனை கூடவே வந்தது. சமையலறைக்குப் பின்னால் இருந்த வார்சினியின் அறைக்கும் போனாள். கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத அறை அது. அதன் கதவையும் முடிந்தவரை திறந்து வைத்தாள்.

பிறகு தட்டுகள். நாலு மூலைக்கும் நடுக்கூடத்துக்குமாக ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் சோறு, மூன்று ஆரஞ்சு, மொறுமொறுவென்று சுட்ட பன்றி இறைச்சியில் ஒரு துண்டு, பக்கத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. சொல்ல வேண்டியதும் அவளுக்கு மனப்பாடம். "இங்க இருக்கறவங்க யாரா இருந்தாலும் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புங்க. புது வீட்டுக்காரங்க வர்றாங்க." மூன்று மூலையில் சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது.

நாலாவது மூலை மாடிப்படிக்குக் கீழே.

தட்டை வைத்தாள். காய்ந்த தரை. குனிந்தபடியே தட்டைப் பார்த்தாள். வார்சினி பன்றி தின்ன மாட்டாள். முதலாளிகளுக்குச் சமைக்கும்போதுகூடக் கையுறை மாட்டிக்கொண்டுதான் தொடுவாள், அந்தக் கத்தியைத் தனியாக வைப்பாள். ஏழு வாரமாக அழாத மான்-சிக்கு இப்போது அழுகை வந்தது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டாள். சமையலறைக்குப் போய், வார்சினிக்குப் பிடிக்கும் என்று, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த இரண்டு முட்டையை எடுத்து அவித்து, உரித்து, சோற்றின் மேல் வைத்தாள்.

"மன்னிச்சிரு அக்கா" என்றாள். "வந்து சாப்பிடு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. படையல் யாருக்கு என்று தெரியாதவரைதான் அது படையல். ஆள் பார்த்து, அவளுக்குப் பிடித்ததை வைத்து, அக்கா என்று கூப்பிட்டால், அது வீட்டுக்கு அழைப்பு. இந்தத் தொழிலில் நேற்று வந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஈரம் உறிஞ்சும் மெஷின்கள் நாலும் ஒன்றாக நின்றன.

அந்த அமைதியில் அவள் தட்டை எடுக்கக் கை நீட்டினாள். எடுக்க முடியவில்லை. வைத்த சோற்றை எப்படித் திரும்ப எடுப்பது? பட்டினி போட்டது போல் ஆகாதா? நின்றாள். வெளியே எங்கோ ஒரு கார் மேடேறும் சத்தம்.

இன்டர்காம்.

"மேடம், சுங் அம்மா வண்டி வந்துட்டுது. உள்ள விட்டுட்டேன்."

"சரி."

"முன்னாடி டிரைவரு. பின்னாடி ரெண்டு பேரு."

"கூட யாரு? ஜோசியரா?"

"ஆம்பள இல்ல." அவன் குரல் மெலிந்தது. "மேடம், நான் போறேன். வேலை வேண்டாம். நான் போறேன்."

திரையில் கேட்டு திறந்து கிடந்தது. க்வாயின் நாற்காலி காலி.

கார் வாசலில் வந்து நின்றது. பனியில் அதன் விளக்குகள் இரண்டு மஞ்சள் புகை. மான்-சி வெளியே போனாள். போகாமல் இருக்க முடியாது. திருமதி சுங் கைத்தடி ஊன்றி இறங்கினாள், பின்சீட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டாள்.

"நல்ல ஆளும்மா நீ. வேலைக்காரிய இந்தப் பனியில நடக்க விட்டிருக்கே. அந்த வளைவுல நனைஞ்சுட்டு நின்னுது பாவம். இந்த வீட்டு அக்காவாம், நீ சாப்பிடக் கூப்பிட்டியாம். காலு முடியல போல, நான்தான் வண்டியில ஏத்திட்டு வந்தேன்."

மான்-சி பார்க்கவில்லை. திருமதி சுங்கின் முகத்தை மட்டும் பார்த்தாள். கழுத்து முத்து மாலை. காது. பவுடர். வேறு எதையும் இல்லை.

திருமதி சுங் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கிழவியின் கை சூடாக இருந்தது. "சரி, இப்பக் கேக்கறேன். இந்த வீட்டுல யாராச்சும் செத்திருக்காங்களா?"

காருக்குள் மூச்சுச் சத்தம். இழுத்து, விட்டு. இடையில் ஒரு கரகரப்பு. அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது நிமிஷம் கேட்ட மூச்சு.

சொல்லிவிடலாம். அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் வீடு போகும், லைசென்ஸ் போகும், ஜெயிலும் வரலாம். ஆனால் சொன்னால் அந்த மூச்சு தன்னை விட்டுப் போய்விடும் என்று தோன்றியது. கிழவி காத்திருந்தாள். நல்ல கண்கள். யாரையும் ரோட்டில் விட்டு வராத கண்கள்.

"இல்லம்மா" என்றாள் மான்-சி. "யாரும் சாகல."

"அப்பாடா. அது போதும் எனக்கு. நான் மாடியப் பாத்துட்டு வரேன், நீ அவள உள்ள கூட்டிட்டு வா." கைத்தடி உள்ளே போனது. பூக்கூடையோடு டிரைவரும் பின்னால் போனான்.

மான்-சி திரும்பினாள்.

ஈரக் கூந்தல். வேலைக்குப் போடும் நீலச் சட்டை. ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. பின்சீட்டில் இருந்து வார்சினி இரண்டு கையையும் அவளை நோக்கித் தூக்கினாள், தூக்கச் சொல்லும் குழந்தை போல. அன்றைக்கும் இப்படித்தான் தூக்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று நினைத்து. கொஞ்சம் சிரித்தும் இருந்தாள். அதை மான்-சி இதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் குனிந்தாள். குனிய வேண்டும் என்று நினைக்கவில்லை. குனிந்தாள். கைகள் கழுத்தைச் சுற்றின. குளிர். கனம். காதோடு மூச்சு.

வாசற்படி. உள்ளே. காய்ந்த தடம் வழியாகக் கால்கள் தாமாக நடந்தன. மாடியில் திருமதி சுங் டிரைவரிடம் பேசுவது கேட்டது: "இங்க என் கட்டிலப் போடலாம். வெளிச்சம் நல்லா வருது பாரு."

இழுத்து. விட்டு.

இழுத்து.

வீட்டுக்குள்ளே, நடுக்கூடத்தில், மூச்சு நின்றது.

மான்-சி மண்டியிட்டாள். கழுத்தில் பின்னியிருந்த விரல் ஒன்றைப் பிரித்தாள். அடுத்ததைப் பிரித்தாள். முதல் விரல் திரும்ப வந்து படிந்தது. கனம் கூடியது. கத்த வாய் திறந்தாள், ஈரக் கூந்தல் வாயில் பட்டது.

படியில் கைத்தடி இறங்கி வந்தது. பாதியில் நின்றது.

"மான்-சி" என்றாள் திருமதி சுங், மெதுவாக. "அந்தப் பொண்ணு ஏன் மூச்சு விடல?"

மான்-சியின் கழுத்தில் அந்தக் கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.